கீப்பர் விட்ட நாலு பந்து

ஈரப் புல்லின் மணத்தோடு நல்லெண்ணெய் மணமும் சேர்ந்து வந்தால், லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஆற்றுக்கு அப்பால் இருந்த மைதானமும் ஞாயிற்றுக்கிழமைக் காலை பதினொரு மணியும் எனக்கு உடனே நினைவுக்கு வரும். தோல் கையுறை விறைத்துப் போகாமலிருக்க அதற்கென்றே விற்கும் எண்ணெயை வாங்கிப் பூசும்படி பயிற்சியாளர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் இருந்தது அம்மா தலைக்கு வைக்கும் நல்லெண்ணெய்தான் என்பதால் சிவா அண்ணை அதையே எடுத்துப் பூசினார். மைதானத்துக்கு நடக்க வரும் நாய்களெல்லாம் அவருடைய இடது கையை முகர்ந்து பார்த்துவிட்டே அப்பால் போயின.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. பயிற்சியாளர் டேவ், கனடாவிலிருந்து வந்து லண்டனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். பேஸ்போல் அணி ஒன்றை அமைக்க ஆள் தேடி அலைந்தவர், மைதானத்தின் மறுகரையில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பொடியன்களைக் கண்டு, பந்து பிடிக்கவும் எறியவும் தெரிந்தவர்கள், மிச்சத்தைப் பழக்கிக்கொள்ளலாம் என்று எண்ணினார். மிச்சம்தான் பெரிய பாடாகப் போயிற்று. அடித்தவுடன் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது அவர்களுடைய கால்களுக்குப் புரியவில்லை. மட்டையோடே ஓடிப்போய், முதலாவது எல்லையில் கிடந்த வெள்ளைச் சாக்கின்மேல் அதன் நுனியைத் தேய்த்து, "வந்திட்டன், வந்திட்டன்" என்று நடுவரைப் பார்த்தார்கள். எதிரணியினர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அணியின் பதினொரு பேரில் இருவர் எங்கள் வீட்டில் இருந்தார்கள். ஒருவன் என் அண்ணன் குகன், பதினெட்டு வயது, அணியில் அதிகம் அடித்தவன். மற்றவர் சிவா அண்ணை. வடமராட்சியிலிருந்து வந்து, எங்கள் வீட்டின் மாடியில் இருந்த சின்ன அறையில் குடியிருந்தார். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது. ஊரில் பள்ளிக்கூட அணிக்கு விக்கெட் கீப்பராக நின்றவர் என்பதால், அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் வேலை அவருக்கு வந்தது. அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் இருந்தும் எங்களில் யாரும் அதைச் சொல்லவில்லை. அவர் கடைசிவரை "கீப்பர்" தான்.

நான் ஆட்டக் குறிப்புப் புத்தகம் எழுதினேன். எப்போதும் கொப்பியும் பென்சிலுமாகத் திரிகிறேன் என்று அந்த வேலையை என்னிடம் தந்தார்கள். டேவ் தந்த புத்தகத்தில் இருந்த கட்டங்கள் எனக்குப் போதவில்லை. கிரிக்கெட் குறிப்பெழுதும் முறையை அப்பாவிடம் முன்னரே கற்றிருந்த நான், ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து, என்னுடைய சொந்தக் கட்டம் ஒன்றைச் சேர்த்து, அதற்கு "பை" என்று தலைப்பிட்டேன். கிரிக்கெட்டில் கீப்பரைத் தாண்டிப் போகும் பந்துக்குத்தான் அந்தப் பெயர். பக்கத்திலேயே, பந்து எப்படிப் போனது என்பதைச் சின்ன எழுத்தில் எழுதி வைப்பேன். யாரும் கேட்காத கட்டம் அது. டேவ் அதைப் பார்த்ததே இல்லை.

அந்த வருடக் கோடையின் முடிவில், அணியின் "மோஸ்ட் வலுவபிள் பிளேயர்" யார் என்பதை அணியே கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று டேவ் அறிவித்தார். ஒரு பதக்கம் உண்டு. அதைப் பெறுபவரின் படத்தையும் பெயரையும் உள்ளூர்ப் பத்திரிகையில் போடுவதற்கு அவர் ஏற்பாடு செய்திருந்தார். மற்றவர்களுக்கு அது ஒரு பதக்கம் மட்டும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

சிவா அண்ணையின் அகதி விண்ணப்பம் ஒரு முறை மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில் இருந்தது. அதை நடத்திய சட்டத்தரணியைச் சொலிசிற்றர் என்றே வீட்டில் சொல்வோம். கடைசி ஆட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை காலை சிவா அண்ணை சமையலறையில் நின்று அம்மாவிடம் சொன்னதை, மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த நானும், வாசலில் சாய்ந்து நின்ற அண்ணனும் கேட்டோம்.

"சிநேகிதர் குடுக்கிற கடிதம் எல்லா பைலிலயும் கிடக்குதாம் அக்கா. அதை ஆரும் வாசிக்கிறேல்லையாம். இஞ்சத்தைச் சனத்துக்கு என்னாலை ஒரு தேவை இருக்கு எண்டு அச்சில வந்த ஒண்டைக் கொண்டுவா எண்டு சொலிசிற்றர் சொல்லுறார்."

"அப்ப அந்தப் பேப்பர் படம் வந்தால் நல்லதெல்லோ?" என்றாள் அம்மா.

"நல்லதுதான். ஆனால் பொடியளுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. பாவம் பாத்துத் தாற மெடல் எனக்கு வேண்டாம். விளையாட்டைப் பாத்துத் தரட்டும்."

அண்ணன் மேலே போனான். அவன் என்ன முடிவு செய்துவிட்டான் என்பது எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கவில்லை என்று இன்று எழுதினால் அது பொய்.

மறுநாள் கடைசி ஆட்டம் முடிந்து, டேவ் சாக்குகளையும் மட்டைகளையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்க, பொடியன்கள் புல்லில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சிவா அண்ணை சற்றுத் தள்ளியிருந்து முழங்கால் கவசங்களின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். பேச்சைத் தொடங்கியவர் ஜெயம். அணியில் பந்து எறிபவர் அவர். வேகம் உண்டு, குறி கிடையாது. வாய் அதைவிட வேகம்.

"டேய், இதில கதைக்க என்னடா கிடக்கு? ஆகக் கூட அடிச்சவன் குகன். மெடலை அவன்ரை கழுத்தில கொழுவிப்போட்டு வாங்கோ, எனக்குப் பசிக்குது."

"எனக்கு வேண்டாம்," என்றான் அண்ணன். "சிவா அண்ணைக்குத்தான் குடுக்க வேணும். அவர் வராத ரெண்டு மட்சும் என்னடா நடந்தது?"

அப்பா காய்ச்சலில் கிடந்தபோது, பெட்ரோல் ஸ்டேஷனில் அவருடைய ஷிப்டைச் செய்யப் போனதால், இரண்டு ஞாயிறு சிவா அண்ணை ஆட்டத்துக்கு வரவில்லை. இரண்டிலும் தோற்றோம்.

"என்ன நடந்தது, பத்தைக்குள்ள பந்து பொறுக்கினதுதான்," என்றார் அவருக்குப் பதிலாக நின்ற பாபு. "என்ரை ரெண்டு விரலும் புட்டுக்குழல் மாதிரி வீங்கினது."

"உன்ரை விரலுக்கு மெடல் குடுக்கேலாது மச்சான். மோஸ்ட் வலுவபிள் எண்டால் ஆகத் திறமான ஆள்."

"இல்லை ஜெயமண்ணை," என்று அண்ணன் முழங்காலில் எழுந்தான். "திறமான ஆளெண்டால் பெஸ்ட் எண்டு போட்டிருப்பாங்கள். வலுவபிள் எண்டால் பெறுமதி. திறம் வேற, பெறுமதி வேற. நான் இல்லாட்டி நீங்கள் நாலு ஓட்டம் குறைய எடுப்பியள். அந்தாள் இல்லாட்டி ஆட்டமே இல்லை."

"பெறுமதி பாக்கிறதெண்டால் நகைக்கடைக்குப் போ."

எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் பேச்சு மெல்ல அண்ணனின் பக்கம் சாயத் தொடங்கியது. ஓம், அது சரிதான், கீப்பர் இல்லாமல் ஏலாதுதான் என்று இருவர் மூவர் தலையாட்டினார்கள். அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம். வெற்றி கிட்ட வந்துவிட்ட சூட்டில், "முழு சீசனும் அந்தாள் ஒரு பந்தைக்கூட விடேல்லையடா!" என்று சொல்லிவிட்டான்.

"இல்லை அண்ணை," என்றேன் நான். "நாலு பை விட்டவர்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. புத்தகம் மடியில் திறந்து கிடந்தது. நான்கு பக்கங்களிலும் விரல் வைத்திருந்தேன். பிழையான ஒன்று சொல்லப்படுகிறது, சரியானது என் கையில் இருக்கிறது என்பதைத் தவிர அந்தக் கணத்தில் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. சமையலறையில் கேட்டது அப்போது என் நினைவில் வரவேயில்லை.

"பாத்தியா, தங்கச்சி பிடிச்சுப்போட்டாள்!" என்று ஜெயம் தொடையில் தட்டினார். "நாலு பை விட்ட கீப்பருக்கு மெடலோ? எங்கட பள்ளிக்கூடத்தில ஒண்டு விட்டாலே அடுத்த மட்சுக்குத் தண்ணிப் போத்தல் தூக்க விடுவாங்கள்."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு சிவா அண்ணையைப் பார்த்தான். அவர் கவசத்திலிருந்து கையை எடுக்காமலே, "பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்கும். நாலுதான்," என்றார்.

கை உயர்த்தச் சொன்னார்கள். குகனுக்கு ஏழு, சிவாவுக்கு நான்கு. குகனுக்கு உயர்ந்த ஏழில் ஒன்று சிவா அண்ணையின் கை.

பத்திரிகையில் வந்த படத்தில் அண்ணன் சிரிக்கவில்லை. டேவ் சிவா அண்ணைக்கும் ஒரு நல்ல கடிதம் எழுதிக் கொடுத்தார். சொலிசிற்றர் அதை வாங்கிக் கோப்பின் பின்பக்கம் சேர்த்துக்கொண்டார். அம்மா என்னைக் கண்டிக்க வாயெடுத்தபோது அப்பா தடுத்து, "பிள்ளையைப் பேசாதை. பேப்பரில படம் வந்தவனெண்டு பாத்து ஆரும் விசா குடுக்கிறேல்லை" என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். சரிபார்க்க வழி இல்லை.

மார்கழியில் மேல்முறையீடு மறுக்கப்பட்டது. தை மாதத்தில் ஒரு புதன்கிழமை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் போடும் கையெழுத்தைப் போடப் போன சிவா அண்ணை திரும்பி வரவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குத் தொலைபேசியில் பேசி, தன் உடுப்புகளைக் கட்டிக் கொண்டுவரும்படி கேட்டார். வெள்ளிக்கிழமை கொழும்பு விமானத்தில் ஏற்றினார்கள். அம்மா அவருடைய கட்டில் விரிப்பைத் தோய்த்து மடித்து வைத்துவிட்டு, அந்த அறைக் கதவைச் சாத்தினாள்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜிலிருந்து அவருடைய கடிதம் ஒன்று வந்தது. எட்டு வரி. எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்திருந்தார். இப்போது யார் கீப்பர் என்று கேட்டிருந்தார். அம்மா எழுதிய பதில், உரியவர் அங்கு இல்லை என்ற முத்திரையோடு ஏழு வாரத்தின் பின் திரும்பி வந்தது. வவுனியாவில் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். விசாரித்துப் பார்த்தபோது அது வேறொரு சிவா.

அடுத்த கோடையில் பாபு இரண்டு ஆட்டங்களுக்குக் கீப்பராக நின்றார். பிறகு வேறொருவர் நின்றார். பிறகு ஒருவரும் முன்வரவில்லை. ஆறு ஆட்டங்களிலும் தோற்று, ஆனி மாதம் முடியுமுன்னரே அணி கலைந்தது. புல்லில் இருந்து நாங்கள் செய்த விவாதத்துக்கு அதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

பிறகு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, நூலகத்தில் தற்செயலாகக் கைக்குக் கிடைத்த பேஸ்போல் விதிப் புத்தகமொன்றை எடுத்துவைத்து வாசித்தேன். எறிந்த பந்து கீப்பரிடம் வருமுன் நிலத்தில் குத்தினாலோ, எட்டாத உயரத்தில் போனாலோ, அது எறிந்தவரின் பிழை. கீப்பர் பிடிக்காமல் விட்டதாக எழுதக்கூடாது. வீட்டுக்கு வந்து என் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றாவது, நிலத்தில் குத்தியது. இரண்டாவது, நிலத்தில் குத்தியது. மூன்றாவது, தலைக்கு மேல் ஒரு முழம். நாலாவது, நிலத்தில் குத்தியது. கிரிக்கெட்டில் பந்து நிலத்தில் குத்தித்தான் வரும். அதனால் பன்னிரண்டு வயதில் அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை, வட்டத்தில் இருந்த பதினொரு பேருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். நாலும் ஜெயத்தின் பிழை. சிவா அண்ணை அந்தக் கோடையில் ஒரு பந்தைக்கூட விடவில்லை.

இதை அண்ணனிடம் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் எடுத்தது. சென்ற வருடம் அவனுடைய வீட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். அவன் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான், தண்ணீரை நிறுத்தவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றான். "டேவ் எனக்கு ஒருக்காச் சொன்னவர்."

"அப்ப ஏன் அந்த இடத்தில சொல்லேல்லை?"

"எல்லாரும் சிரிச்சுப்போட்டாங்கள். அந்தாளே நாலுதான் எண்டு சொல்லிப்போட்டுது." ஒரு கோப்பையைத் துடைத்து வைத்தான். "அதோட, ஒரு நிமிசம் எனக்கும் அந்த மெடலில ஆசை வந்திட்டுது. ஒரு நிமிசம்தான். அதுக்குள்ள கையை உயத்திப்போட்டாங்கள்."

மைதானத்தின் பாதியில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. மிச்சப் பாதி வாகனத் தரிப்பிடம். அந்த உள்ளூர்ப் பத்திரிகை நின்றுபோய்விட்டது. டேவ் கனடாவுக்குத் திரும்பிப் போனவர் அங்கேயே இறந்தார். ஜெயத்துக்கு ஈஸ்ட் ஹாமில் கடை. திருமண வீடுகளில் சந்தித்தால் அந்தக் கோடையைப் பற்றிப் பகிடி விடுவார். நான் எதையும் திருத்துவதில்லை. எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. சிவா அண்ணைக்கு ஐம்பத்தெட்டு இருக்கும். இருக்க வேண்டும்.