செத்துப்போன நைனா திரும்பி வந்த வாரம்

எங்கள் வீட்டில் வேலை என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: உடம்பு வியர்க்க வேண்டும். நடவு வேலை, மாடு கறக்கிற வேலை, நெல் அவிக்கிற வேலை. என் கணவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் சேர்ந்தபோது அதைக்கூட என் மாமியார் அரைமனதோடுதான் வேலை என்று ஒத்துக்கொண்டார். நிழலில் நின்று செய்கிற காரியத்துக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது என்பது அவருக்கு விளங்கவே இல்லை. அப்படிப்பட்டவர் வாயிலிருந்து என் எழுத்துக்கும் அந்தப் பெயரை வாங்கியதுதான் நான் வாங்கிய பெரிய பரிசு. மற்றவை அலமாரியில் இருக்கின்றன.

அறுபதுகளில் ஆரம்பாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வரும்போதே எழுதுகிற பைத்தியத்தையும் கொண்டுவந்துவிட்டேன். நெல் மூட்டை அடுக்கும் அறையில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, இன்னொரு மூட்டைமேல் பலகையைப் போட்டு எழுதுவேன். காலை நாஷ்டா வேலை முடிந்ததிலிருந்து மதியத்துக்கு உலை வைக்கும் வரைதான் எனக்கு நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் ஊரில் எல்லாருக்கும் என் நினைப்பு வரும். யார் வந்து கேட்டாலும் மாமியார் சொல்லும் பதில் மாறாது.

"உள்ள சும்மாதான் குந்திகினு கீறா. இரு, கூப்டறேன்."

உடனே கூப்பிட்டும் விடுவார். எழுந்துபோய் மோர் கொடுத்து, ஊர்க்கதை கேட்டுத் திரும்பி வந்தால், பாதியில் விட்ட வாக்கியம் எங்கே போக நினைத்தது என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நாட்களில் நான் பல்லைக் கடித்த கடியில் பல் மிச்சம் இருப்பதே அதிசயம்.

கதைகள் திரும்பி வந்தன. பிறகு சில திரும்பவில்லை. அச்சில் பெயரைப் பார்த்ததும் எழுத்தாளராகிவிட்டோம் என்று தலை கனத்தது. ஆனால் எழுத்தாளர் ஆவது சுலபம், எழுத்தாளராகவே இருப்பதுதான் பாடு என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. ஒரு கதை வந்தால் அடுத்தது வர மாதங்கள் ஆகும். அதற்குள் பத்திரிகைக்காரர்கள் மறந்துவிடுவார்கள்.

எனக்கு வழி காட்டியது எங்கள் வயல்தான். நிலம் தயாரான பிறகா நாற்றங்கால் விடுகிறோம்? நாற்று முன்கூட்டியே பச்சென்று நிற்கிறதல்லவா? நானும் அப்படியே செய்தேன். ஒரு கதை தபாலில் போகும்போது அடுத்தது பாதி வளர்ந்திருக்கும், அதற்கடுத்தது முளைவிட்டிருக்கும். "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு எழுதினால், "யோசித்துச் சொல்கிறேன்" என்று பதில் போட மாட்டேன், கதையையே அனுப்பிவிடுவேன். மனநிலை வரட்டும் என்று காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். நடவுக்கு வரும் பெண்கள் மனநிலை பார்த்தா சேற்றில் இறங்குகிறார்கள்?

இப்படியே எழுபதுகளில் சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதும் வாய்ப்பு வந்தது. தொடர் என்றால் வாராவாரம் வருமானம், வாராவாரம் வாசகர். அதே சமயத்தில் மாமியாருக்கு முழங்கால் வலி தொடங்கியது. மாடும் வயலும் இனி உன் பொறுப்பு என்றார். நான் அடம் பிடித்தேன். கடைசியில் கணவர் நடுவில் நின்று பேசி ஓர் ஏற்பாடு ஆயிற்று. தொடர் நிலைத்தால், அந்த வருமானத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம், என் காலை நேரம் எனக்கு. நிலைக்காவிட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போக வேண்டும்.

"பாக்கலாம்மே," என்றார் மாமியார். பசுவுக்கு இப்போதே என்னைப் பழக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அந்தக் குரலில் இருந்தது.

தொடருக்குப் பழவேற்காடு ஏரிக்கரை மீனவப் பெண் ஒருத்தியைக் கதாநாயகியாக்கினேன். எங்கள் தெருவுக்குக் கூடையோடு வரும் மீன்காரப் பெண்களிடம் பேசிப் பேசிச் சேர்த்த கதை. முதல் அத்தியாயத்திலேயே புயலில் படகு கவிழ்ந்து அவள் தகப்பன் செத்துப்போகிறான். புருஷனும் விட்டுப் போய்விடுகிறான். கைக்குழந்தையோடு அவள் தனியாக நிற்கிறாள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் ஆந்திர எல்லையில் இருக்கிறது. தெலுங்கு வாசம் இல்லாமல் எங்களுக்கு வாய் திறக்காது. அப்பாவை நைனா என்போம். மடியில் கிடக்கும் பிள்ளையையும் கொஞ்சும்போது நைனா என்போம். என் மாமியார் கன்றுக்குட்டியைக்கூட "வா நைனா" என்றுதான் அவிழ்ப்பார். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

பத்திரிகையில் என் பக்கங்களைத் திருத்தியவர் தஞ்சாவூர்ப் பக்கத்து உதவி ஆசிரியர். ஊடு என்று எழுதினால் வீடு ஆக்குவார். இன்னா என்ற சொல் ‘என்ன’ ஆகிவிடும். ஏரிக்கரைப் பெண்கள் வாரம் தவறாமல் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிப் பேசினார்கள். தொடர் நிலைக்கட்டும் என்று விழுங்கிக்கொண்டேன்.

ஓர் அத்தியாயத்தில் சில வருஷங்களைத் தாண்டிக் கதையை நகர்த்தினேன். குழந்தை இப்போது பேசுகிற பையன். விடியலுக்கு முன் இருட்டுக் குடிசை, அவள் குரல் மட்டும் கேட்கிறது. "ஏந்துரு நைனா. மூஞ்சி கய்வு. நாஷ்டா துண்ணு. உன்ன உட்டா எனக்கு யாரு கீறாங்க?" அவள் அழுவதோடு அத்தியாயம் முடிகிறது. பிள்ளை என்ற சொல்லை எங்கும் போடவில்லை. நைனா என்ற பிறகு அது எதற்கு?

அச்சில் இப்படி வந்தது: "எழுந்திரு அப்பா. முகம் கழுவு. பலகாரம் சாப்பிடு. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?"

ஏரியில் செத்துப்போன தகப்பன் குடிசையில் படுத்திருக்கிறான்! படித்ததும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கணவர் வாசலிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ரயில்ல எல்லாம் என்னைப் புடிச்சிகினாங்கமே. அந்த ஆளு எப்டி பொழச்சாரு, இத்தினி நாளு எங்க இருந்தாருன்னு ஒரே பேஜாரு. நானு இன்னா சொல்றது?"

சிரிக்கிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே பத்திரிகை ஆசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது. தொடரை நிறுத்தத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, ரயில் முழுக்க வாதங்களை மனப்பாடம் செய்துகொண்டே சென்னைக்குப் போனேன்.

ஆசிரியரோ எழுந்து நின்று வரவேற்றார். மேஜைமேல் வாசகர் கடிதங்கள் குவிந்து கிடந்தன.

"செத்தவரைத் திரும்பக் கொண்டுவந்து அசத்திட்டீங்கம்மா! எங்க இருந்தார்னு உடனே சொல்லிடாதீங்க. இழுங்க. ஒரு வருஷம் இழுக்கலாம்."

கேட்டு வந்தது தானாகவே கையில் விழுகிறது. ஒரு வருஷத் தொடர், ஒரு வருஷக் காலை நேரம். தலையாட்டினால் போதும். ஆனால் அந்த ஏரிக்கரைப் பெண்ணை நான் அறிவேன். அவள் தகப்பன் எங்கும் ஒளிந்திருக்கவில்லை, செத்துப்போனான். அவனை எழுப்பினால் அவள் பட்ட பாடெல்லாம் பொய்யாகிவிடும்.

"அவர் வரல சார். அவ கூப்பிட்டது அவ பையனை," என்றேன். நைனாவை விளக்கினேன். மூலையில் உட்கார்ந்திருந்த உதவி ஆசிரியரின் முகம் சிவந்துவிட்டது.

"அகராதியில தகப்பன்னுதான்மா போட்டிருக்கு," என்றார் பாவமாக.

"அகராதி எங்க ஊர்ல சம்பந்தம் பண்ணலீங்க."

ஆசிரியருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் மனம் வரவில்லை. வாசகர்கள் ஏமாந்து போவார்கள், வேண்டாம் என்றார். நான் எழுந்துவிட்டேன். அடுத்த அத்தியாயத்தை என் இஷ்டப்படி எழுதுவேன், ஒரு எழுத்தைக்கூடத் திருத்தக்கூடாது, எடுபடவில்லையென்றால் நீங்களே தொடரை முடித்துவிடுங்கள் என்றேன். ஒரே ஒரு வாரம், பார்ப்போம் என்று ஆசிரியர் ஒத்துக்கொண்டார். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. படியிறங்கும்போதுதான் மாட்டுக் கொட்டகை நினைவுக்கு வந்தது. வீட்டில் பசு எனக்காகக் காத்திருந்தது.

மறுநாள் காலை மூட்டைமேல் உட்கார்ந்தேன். நடந்த தவற்றைத் துடைத்துவிட்டு மேலே போவதாகத்தான் முதலில் எண்ணம். ஆனால் வாசகர்கள் கேட்ட கேள்வி நியாயமான கேள்வியாகத் தோன்றியது. அதையே கதைக்குள் கொண்டுவந்தேன். அவள் குரலைக் கேட்டு அடுத்த குடிசைக்காரி ஓடிவருகிறாள்.

"இன்னாடி, செத்துப்போன நைனாவயா எய்ப்பிகினு கீற?"

அவள் போர்வையை விலக்கிப் பிள்ளையைக் காட்டுகிறாள்.

"தோ, இவன்தான் நைனா. அந்த நைனா ஏரிக்குப் போய்ட்டாரு. அந்தப் பேர நான் கூப்டாம இருக்க முடியாதுன்னு தெரிஞ்சி, இவன உட்டுட்டுப் போயிக்கீறாரு."

எழுதிவிட்டு நானே அழுதேன். அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால் இந்த வரி எனக்குக் கிடைத்திருக்காது. உதவி ஆசிரியர் இந்த முறை ஒரு எழுத்தையும் தொடவில்லை. நைனா நைனாவாகவே வந்தது, ஊடு ஊடாகவே வந்தது.

பத்திரிகை வந்த நாள் கணவர் வீட்டுக்கு வந்ததும் சிரிக்கவில்லை. ரயிலில் ஒருவர் உரக்கப் படித்தாராம். பெட்டியே அமைதியாகக் கேட்டதாம். தொழிற்சாலை ஆள் ஒருவர் எண்ணெய்த் துணியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டாராம். "உன்னாலதான்மே," என்றார். எனக்கு இறக்கை முளைத்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு யாரும் தொடரை நிறுத்துவது பற்றிப் பேசவில்லை. செத்தவரை எழுப்பாமலே அது ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடியது. வீட்டுக்கு ஆள் வந்தது. அடுத்த தொடருக்கு வேறு பத்திரிகை தேடி வந்தது, நாற்று தயாராக நின்றது. புத்தகம் போடுகிற ஒருவர் வந்து உரிமை முழுவதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். நிலக்காரர் வீட்டு மருமகளிடம் அந்தப் பருப்பு வேகுமா? "எங்க வீட்டுல நிலத்தை விக்கிறதில்லீங்க, குத்தகைக்குத்தான் விடுவோம். ஒரு பதிப்பு போடுங்க, வித்ததும் மறுபடி வந்து கேளுங்க," என்றேன். அந்தப் புத்தகம் இன்றுவரை எனக்கு விளைந்துகொண்டிருக்கிறது.

மாமியார் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது. மகனை உட்காரவைத்து வாராவாரம் படிக்கச் சொல்லிக் கேட்பார். முடிந்ததும், "அந்தப் பொண்ணு பாவம்," என்று எழுந்து போய்விடுவார். எழுதினவள் பாவம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு தீபாவளி மலருக்கு நான் கதை அனுப்பத் தாமதமாகிவிட்டது. காலையில் மூட்டை அறையில் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. அந்த உதவி ஆசிரியரேதான், ரயிலேறி நேரில் வந்துவிட்டார். நான் வாக்கியத்தின் நடுவில் பேனாவைத் தூக்கிக்கொண்டு, வழக்கமான அந்தக் கூப்பாட்டுக்காகக் காத்திருந்தேன்.

"பத்திரிகையிலேர்ந்து வரேன்மா. அவங்களப் பாக்கணும், அவசரம்."

"இப்ப முடியாது. மருமவ வேலயா கீறா."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அவர் மறுபடி ஏதோ சொல்லத் தொடங்கினார். மாமியார் விடவில்லை.

"வேலயா கீறான்னு சொன்னேன் இல்ல? முடிச்சிட்டுத்தான் வருவா. குந்து நைனா. நாஷ்டா துண்றியா?"

பிறகு, "குடுங்கம்மா, துண்றேன்," என்ற குரலும் பாய் விரிக்கும் சத்தமும் கேட்டன. எழுத்து மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நடுவில் நின்றிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.