எலோய் ஏறாத பாறைப்படி

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியும் ஏறியிராத பாறைப்படியில் முதலில் ஏறுகிறவர்தான் அதற்குப் பெயர் வைப்பார். பிறகு அந்தப் பெயரை யாரும் மாற்றுவதில்லை. ஃபார்மிங்டன் ஊருக்கு வடக்கே மணற்பாறைப் பள்ளங்களில் மாமியார், பல்வலி, பாதிரியார் என்றெல்லாம் படிகள் இருப்பது இதனால்தான்.

எலோய் கண்டெலாரியாவுக்கும் ஒரு படிக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று ஆசை. பெயரைக்கூட முடிவு செய்து வைத்திருந்தான். என்னவென்று மட்டும் சொல்லமாட்டான்.

எரிவாயுக் குழாய்க் கிடங்கில் அவன் வெல்டர். பொறுமை குறைந்தவன், ஆனால் அவன் பற்றவைத்த எதுவும் பிரிந்து நான் பார்த்ததில்லை. விடுமுறை நாளில் பாறையேறி விளையாட வரும் டென்வர் நகரத்துக்காரர்களின் வண்டிகள் அவன் வீட்டைவிட விலை அதிகம். அதனால் தானே ஒன்று செய்தான். பழைய இரும்புக் கடையின் உடைந்த கேட்டைச் சரிசெய்து கொடுத்து, அதற்குப் பதிலாக அங்கே செத்துக்கிடந்த ஒரு சின்ன ஜப்பான் ஜீப்பை இழுத்து வந்தான். கிடங்கில் கழித்துப்போட்ட குழாய்களை வளைத்துத் தலைக்கு மேல் கூண்டு கட்டினான். லாரிக்காரர்கள் தூக்கியெறிந்த டயர்களில் சூடு காட்டிய கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டினான். இரண்டு பின்சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்களை ஒன்றோடொன்று பற்றவைத்துவிட்டான். காசில்லாதவன் செய்யும் வேலை அது. பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மற்றது இழுக்கும். தார்ச்சாலைத் திருப்பத்தில் மட்டும் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றி, டயர் தேய்ந்து அலறும்.

ஒரு அக்டோபர் காலை, பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குக் கிளம்பிய அவன் மனைவி நாடீனின் குரல் தெருவுக்கே கேட்டது.

"எலோய், என் கார் மூஞ்சியில எதுக்கு இவ்ளோ பெரிய ஓட்டை?"

"ரேடியேட்டர மட்டும் கொஞ்சம் எடுத்திருக்கேன்."

"கொஞ்சம்னா? பாதியவா?"

"பாறை ஏறறப்ப ஜீப்போட சின்ன ரேடியேட்டர் தாங்கல, நாடீன். ஒரு வாரம்தான்."

"அதுவரைக்கும் நான் எதுல போவேன்? உன் முதுகுலயா?"

கதவில்லாத அந்த வண்டியை அவன் கைகாட்டினான். போனவாரம் வரை அவள் காரில் இருந்த இருக்கையும் அதற்குள்தான் இருந்தது.

ஒரு வாரம் என்றது குளிர்காலம் முழுவதுமாக நீண்டது. கம்பளியைச் சுற்றிக்கொண்டு, காது மறைய குல்லா போட்டு, பனியில் அவள் அதை ஓட்டிப் போவாள். தபால் நிலையத் திருப்பத்தில் டயர் அலறினால் நாடீன் வேலைக்குப் போகிறாள் என்று அர்த்தம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்த அலறல் நின்றுபோனது. ஏன் நின்றது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

அவன் குறி வைத்திருந்த படி இடுப்புயரம். ஓடைப் படுகையில், ஒரு பக்கம் சரிந்து நின்றது. அதற்கு முன் இரண்டு வசந்தங்கள் முயன்று, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்டுகளை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம். அந்தக் குளிர்காலம் முடிந்து வந்த மூன்றாவது வசந்தத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போனபோது டென்வர்க்காரர்கள் ட்ரெய்லரிலிருந்து பளபளவென்று ஒரு வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ளூர்க்காரங்க முதல்ல ஏறுங்க. நாங்க அப்புறம் பாத்துக்கறோம்" என்றார் அவர்களில் ஒருவர். மரியாதையாகத்தான் சொன்னார். எலோயின் முகம் சிறுத்துவிட்டது.

அவன் சீறிக்கொண்டு போனான். முன்சக்கரம் படியில் ஏறியது, குதித்தது, துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். ஷாஃப்ட் போயிற்று. கையிலிருந்த கடைசி ஷாஃப்டை மாட்டினான். அதுவும் உடைந்தால் வீட்டுக்குத் திரும்ப வண்டி கிடையாது. அடுத்த முறை வருவதற்குள் படிக்கு வேறு யாராவது பெயர் வைத்திருப்பார்கள்.

"பிரிமோ, இன்னும் ஒரு மிதி மிதிச்சா போதும்டா, ஏறிடும்" என்றான் அவன் கூட்டாளி டீட்டோ. பங்காளி என்பதுபோல, நெருங்கியவனை எங்கள் பக்கத்தில் பிரிமோ என்போம்.

நாடீன் ஒரு கல்லில் உட்கார்ந்து, காகிதம் பிரித்து, பச்சை மிளகாய் புரிட்டோ தின்றுகொண்டிருந்தாள். "மிதிச்சு மிதிச்சுத்தான இத்தனையும் உடைஞ்சுது" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும் இதப் பத்தி?" என்றான் எலோய்.

"நீ ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டுறவன். நான் தினம் ஓட்டுறேன். திருப்பத்துல நாம அழுத்தினா அது முரண்டு பண்ணும். கால எடுத்துட்டோம்னா தானா வரும். இங்கயும் அப்படித்தான். விடு, நான் ஏத்துறேன்."

டீட்டோ சிரித்தான். "யோசிச்சுக்க, பிரிமோ. அவ ஏத்திட்டா பேரு அவ வைப்பா."

எலோய் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். ரத்தம் கேட்டால் கொடுக்கிற ஆட்கள் எங்களில் பலர் உண்டு. பெயர் வைக்கும் உரிமையைக் கொடுப்பது வேறு. அவன் படியைப் பார்த்தான், டென்வர்க்காரர்களைப் பார்த்தான். பிறகு சாவியை உருவி, பேண்ட்டில் துடைத்து, அவளிடம் நீட்டினான். அவனைப் பற்றி நான் தயங்காமல் நல்லதாகச் சொல்லக்கூடியது அந்த ஒன்றுதான்.

அவள் ஏறி உட்கார்ந்ததும், அவன் படிக்கு மேலே போய் நின்று, சக்கரத்துக்கு வழிகாட்டக் கைகளை உயர்த்தினான்.

"இடது... இன்னும் இடது... மிதிக்காத!"

"நான் எப்ப மிதிச்சேன்? நீ கத்தாத!"

வண்டி நடந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. மிகத் தாழ்ந்த கியரில், பெடலில் கால் படாமல், வயதான கழுதைபோல ஒவ்வொரு சக்கரமாக எடுத்து வைத்தது. நடுவில் நின்றது. அவள் ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தாள். பிடிப்புக்காகக் காற்றைக் குறைத்திருந்த டயர் மெல்ல மடிந்து பாறையைக் கவ்வியது. பிறகு பின்பக்கமும் முனகிக்கொண்டே மேலே வந்துவிட்டது. டென்வர்க்காரர்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

"பேரு சொல்லு, நாடீன்!" என்று கத்தினான் டீட்டோ.

அவள் இஞ்சினை அணைத்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் ரேடியேட்டர்."

எலோய்தான் எல்லோரைவிடவும் அதிகம் சிரித்தான். நெடுநேரம் சிரித்தான், நடுவில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

இப்போது அவர்கள் இருவரும் இல்லை. "என் ரேடியேட்டர்ல மாட்டிக்கிட்டோம்" என்று இளவட்டங்கள் பெட்ரோல் நிலையத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். யாருடைய ரேடியேட்டர் என்று அவர்கள் கேட்பதில்லை. எலோய் வைத்திருந்த பெயரை டீட்டோ பலமுறை கேட்டுப் பார்த்தான். "அதான் பேரு வச்சாச்சே" என்பதோடு எலோய் நிறுத்திக்கொள்வான்.

அந்தப் படியில் அவன் கடைசிவரை ஏறவில்லை. விருப்பமில்லாமல் அல்ல. ஒவ்வொரு வசந்தத்திலும் கேட்டான். நாடீன் சாவியைத் தரவில்லை. அவன் மேலே நின்று கைகாட்டுவான், அவள் ஏற்றுவாள். அவளுடைய கார், முன்பக்க ஓட்டையோடு, கொட்டகையிலேயே நின்றது. ரேடியேட்டரைத் திருப்பி மாட்டச் சொல்லி அவள் பிறகு ஒருமுறையும் கேட்டதில்லை.