உப்பிப்போன ஜெட் பேட்டரி

காலையில வேலப்பன்சாவடி பக்கம் காலி மனையில ரிமோட்ல பறக்குற என் பொம்மை ஜெட் விமானம் மூக்கு குத்தி விழுந்துச்சு.

வீட்டுக்குக் கொண்டுவந்து, உடைஞ்ச இறக்கைய ஒட்டிட்டு, உள்ள இருந்த பேட்டரியத் தொட்டேன். பூரி மாதிரி உப்பி, சுடுது! இந்த லித்தியம் ஜாதி பேட்டரி உப்புனா திடீர்னு தீப்பிடிக்கும்.

கீழ கட்டட வேலை நடக்குற இடத்துல ஒரு வாளி மணல் வாங்கி, அதுக்குள்ள புதைச்சு பால்கனியில வச்சேன்.

"ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு கேட்டா என் மனைவி.

"சேச்சே, சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"அப்புறம் ஏங்க செருப்பு மாட்டிக்கிட்டு, வீட்டுப் பத்திரத்தை மடியில வச்சுக்கிட்டு ஹால்ல உட்கார்ந்திருக்கீங்க?"

இப்ப அவளும் செருப்பு மாட்டிக்கிட்டா.

அந்த வாளிய எப்பத் தொடலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. பால்கனிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கேஸ் சிலிண்டர் இருக்கு.