இரண்டாம் வரிசை, மூன்றாம் கதிரை

அஞ்சலீனாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மெல்போர்ன் புறநகரான டண்டினோங்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை. மன்னார் தீவில் பேசாலைக்காரி. எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. முப்பது வருடம் மெல்போர்னில் கூட்டம் சேர்த்தவன் நான். கூட்டத்துக்கு வராதவர்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்வேன். அந்தப் பட்டியலில்கூட இவர் பெயர் இல்லை. இப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது.

அவர் செய்தது இது. நகரத்து நீதிமன்றத்தில் ஒரு வழக்கு கூப்பிடப்படும்போதெல்லாம் போய், பொதுமக்கள் இருக்கையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். இரண்டு வருடத்தில் பதினொரு தடவை.

வழக்கு, தன்னை விடுவிக்கக் கேட்டு நிதுஷன் போட்டது. 2010இல் இலங்கையிலிருந்து படகில் வந்தவன். அகதி என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்தானவன் என்று ஒரு மதிப்பீடு வந்தது. ஏன் ஆபத்து என்று அவனுக்கும் சொல்லவில்லை, அவனுடைய வழக்கறிஞருக்கும் சொல்லவில்லை. குற்றச்சாட்டு இல்லை, தண்டனை இல்லை, முடிவுத் திகதியும் இல்லை. ஒன்பது வருடமாகத் தடுப்பு முகாமில் இருந்தான். நீதிமன்றத்துக்கு அவனைக் கொண்டுவர மாட்டார்கள். முகாமில் ஒரு கமராவுக்கு முன் இருத்துவார்கள். அவன் முகம் நீதிமன்றத்துத் திரையில் வரும். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். இன்னொரு திகதி போடுவார்கள். திரை அணைந்துவிடும்.

அஞ்சலீனாவுக்கு இந்த வேலை புதிதல்ல. 2008இல் கொழும்பில் அவருடைய தம்பி யோனைப் பிடித்தார்கள். பயங்கரவாதத் தடைச்சட்டம். பதினான்கு நாளுக்கொருமுறை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து விளக்கமறியல் காவலை நீடிப்பார்கள். நாலு வருடம், ஒரு தவணை விடாமல் அக்கா போய் நின்றார். கதைக்க விடமாட்டார்கள். வெளியே வந்த பிறகு யோன் சொன்னானாம்: “அங்கை என்ன கதைச்சவை எண்டு எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை அக்கா. நீ நிக்கிறியோ எண்டு பாக்கிறதுதான் என்ரை வேலை.”

2013இல் கணவரோடு இங்கே வந்தார். நிதுஷனின் வழக்கைப் பற்றித் தமிழ் வானொலியில் கேட்டதும், தலைமைச் சலவைக்காரியிடம் லீவு கேட்டுக்கொண்டு போனார். முதல் நாள், இருக்கை வரிசைக்குள் நுழையுமுன் மாதா கோயிலில் செய்வதுபோல ஒரு முழங்காலை மடித்து எழும்பியிருக்கிறார். காலில் ஏதும் நோவா என்று நீதிமன்ற அலுவலர் ஓடிவந்தாராம். நீதிபதிக்குத் தலை குனிந்தால் போதும் என்பதை அன்றைக்குத்தான் படித்தார்.

நிதுஷனின் வழக்கறிஞர் மிருணாளினி, சென்னைப் பெண், காசு வாங்காமல் வாதாடியவர். முதல் தவணை முடிந்ததும் நிதுஷன் அவருக்குப் போன் எடுத்து, வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்காமல், “உங்களுக்குப் பின்னாலை நீலக் காடிகன் போட்டுக்கொண்டு இருந்த அன்ரி ஆர்?” என்று கேட்டிருக்கிறான். நீதிமன்றக் கமரா காட்டுவது நீதிபதியையும் வழக்கறிஞர் மேசையையும்தான். மேசைக்குப் பின்னால் ஒரே ஒரு துண்டு இடம் தெரிகிறது. இரண்டாம் வரிசையில் மூன்றாவது கதிரை. அஞ்சலீனா தற்செயலாக அதில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் தற்செயலாக உட்காரவில்லை. பத்து மணி வழக்குக்கு ஆறே முக்கால் ரயிலைப் பிடித்தார். கதவு திறக்கும்வரை நடைபாதையில் நின்றார். எப்போதும் அதே காடிகன். கை காட்ட மாட்டார், சிரிக்க மாட்டார். சட்டத்தை மீறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். திரையில் முகம் வந்ததும் தலையை நிமிர்த்துவார். அவ்வளவுதான். ஒரு கொப்பியில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், போட்ட திகதி எல்லாம் எழுதிக்கொள்வார். நிதுஷனோடு ஒரு சொல் பேசியதில்லை.

இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரியும். 2019 ஆகஸ்டில் எனக்குத் தெரிந்தது வேறு. நிதுஷன் களைத்துவிட்டான், வழக்கை வாபஸ் வாங்கி இலங்கைக்கே அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போடப்போகிறான் என்று மிருணாளினி சொன்னார். போனால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போவார்கள். பன்னிரண்டாம் தவணையில் நீதிபதி அவனிடம் நேரே கேட்பார், அவன் ஓம் என்றால் கதை முடிந்தது.

எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். கேரம் டவுன்ஸ் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் பஸ் பிடித்தேன். முப்பத்திரண்டு பேர். எல்லாருக்கும் கறுப்பு ரீசேட், முன்னால் வெள்ளை எழுத்தில் ‘விடுதலை செய்’. கதவு திறந்ததும் திபுதிபுவென்று உள்ளே போய் முன்னிரண்டு வரிசைகளையும் பிடித்தோம். இரண்டாம் வரிசை மூன்றாம் கதிரையில் மகாதேவன் அண்ணர் உட்கார்ந்தார். எழுபது வயது, கதிரை நிறைந்த ஆள்.

நீலக் காடிகன் போட்ட ஒரு பெண் அவரிடம் வந்தார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. இந்தக் கதிரையை எனக்குத் தருவியளே?”

“ஏன் தங்கச்சி, இதிலை உங்கடை பேர் எழுதியிருக்கே?”

“இல்லை. நான் வழமையா இருக்கிறது.”

“போராட்டத்திலை வழமை ஒண்டும் இல்லைப் பிள்ளை. பஸ்ஸிலை ஏறி முழங்கால் நோவோடை வந்தனான்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சொன்னேன்: “பின்னாலை இடம் கிடக்கு, அங்கை போய் இருங்கோ.” அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எல்லாரும் எழும்பச் சொன்னார்கள், நீதிபதி வந்துவிட்டார். அவர் கடைசி வரிசைக்குப் போனார்.

நீதிபதி கண்ணாடியைத் தூக்கி எங்களைப் பார்த்தார். ஒரு நடுவயதுப் பெண். வாசகம் எழுதிய உடுப்போடு இங்கே இருக்க முடியாது, தயவுசெய்து வெளியே போங்கள் என்றார். குரல் உயரவில்லை. மகாதேவன் அண்ணர் என்னைப் பார்த்தார். நான் வெளிச்சட்டையின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன். அதை மறைத்து எழுத மாட்டேன். மற்றவர்கள் எழும்பி வெளியேறத் தொடங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் நிதுஷன் வந்தான்.

மெலிந்த முகம், முன்மண்டையில் மயிர் இல்லை. அவன் கண் நேரே ஒரு இடத்துக்குப் போனது. அங்கே அவன் கண்டது மகாதேவன் அண்ணரின் முதுகு. பிறகு வரிசையாகக் கறுப்பு முதுகுகள். பிறகு வெறும் கதிரை. அவன் தலை குனிந்தது. ஒரு கூட்டத்தை நான் எத்தனையோ விதமாகக் கெடுத்திருக்கிறேன். இப்படிக் கெடுத்ததில்லை.

நீதிபதி தொடங்கினார். வழக்கைக் கைவிட விரும்புவதாக அறிகிறேன், இது உங்கள் சொந்த முடிவா, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். நிதுஷன் வாயைத் திறந்தான்.

கடைசி வரிசையில் ஒரு கதிரை அசைந்தது.

நீதிபதி பேசும்போது எழும்பி நடக்கக் கூடாது. பதினொரு தவணையிலும் தும்மலைக்கூட அடக்கி உட்கார்ந்தவர் எழும்பினார். நடுவழியில் நின்று நீதிபதிக்குத் தலை குனிந்தார். முன்னே நடந்தார். அலுவலர் ஒரு அடி எடுத்து வைத்தார். நீதிபதி பேனாவை இலேசாக உயர்த்தினார், அலுவலர் அப்படியே நின்றுவிட்டார். பத்துப் பன்னிரண்டு அடி தூரம்தான். ஆயிரம் பேரை நகரத்து நடுத்தெருவில் நடத்திக்கொண்டு போயிருக்கிறேன். அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை. இரண்டாம் வரிசை, மூன்றாம் கதிரை. அஞ்சலீனா உட்கார்ந்து மடியில் கைவைத்துத் தலையை நிமிர்த்தினார்.

திரையில் நிதுஷன் நிமிர்ந்தான். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் திரும்பச் சொன்னார்.

“இண்டைக்கு என்னாலை சொல்லேலாது,” என்றான். “எனக்குக் கொஞ்ச நாள் தாங்கோ.”

மூன்று கிழமை கொடுத்தார்கள். திரை அணைந்தது.

வெளியே நடைபாதையில் அஞ்சலீனா கொப்பியில் நேரத்தை எழுதிக்கொண்டு நின்றார். மகாதேவன் அண்ணருக்கும் எனக்கும் கதிரை விஷயத்தை மிருணாளினி சொல்லிவிட்டார். அண்ணர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சொல்லியிருக்கலாமே தங்கச்சி,” என்றேன்.

“சொல்ல எங்கை விட்டியள்?” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மிருணாளினியின் போன் அடித்தது. முகாமிலிருந்து நிதுஷன். கேட்டுவிட்டுப் போனைக் கையால் பொத்தினார்.

“ஆன்ட்டி, உங்களுக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்குறாரு. ஏன் முதல்ல அங்க இல்லன்னு. அப்புறம் அந்தக் கறுப்புச் சட்டைக்காரங்க எல்லாம் ஏன் தன்னைப் பாத்ததும் எழுந்து போனாங்கன்னு.”

நானும் மகாதேவன் அண்ணரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அஞ்சலீனா கொப்பியை மூடினார்.

“எனக்கு ஒண்டுமில்லை, ரயில் பிந்திப்போச்சு எண்டு சொல்லுங்கோ பிள்ளை. அவையள் அவருக்காகத்தான் வந்தவை, கோவிச்சுக்கொண்டு போகேல்லை, உடுப்பு மாத்தப் போனவை எண்டு சொல்லுங்கோ. அடுத்த முறை கதவுக்கு வெளியிலை நிப்பினம், காணேலாது, ஆனா நிப்பினம் எண்டும் சொல்லுங்கோ.”

மிருணாளினி ஒவ்வொன்றாகச் சொன்னார். மற்றப் பக்கத்தில் அவன் என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் போனை வைத்துவிட்டு, பையில் அவனுடைய கையெழுத்துக்காக வைத்திருந்த வாபஸ் படிவத்தை எடுத்துக் குறுக்கே கிழித்தார்.