மழை விட்ட பிறகு வந்த ஆறு

குடாநாட்டில் ஆறு என்று சொல்வதற்கு இருப்பது வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடும். தெல்லிப்பழைப் பக்கம் சிறு வாய்க்காலாகத் தொடங்கி, வழியில் குளங்களின் மிச்சத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, அராலியில் உப்புநீர்க் கடலேரியோடு சேரும். அந்த ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்ப்பது பதினொரு வருடமாக றஜனியின் வேலை.

மூன்று பாலங்களில் அளவுப் பலகைகள் இருந்தன. ஸ்கூட்டியில் போய் இலக்கத்தைப் பார்த்து நீர்ப்பாசனக் கந்தோருக்குச் சொன்னால் போதும். ஆனால் றஜனிக்கு அதோடு இருப்புக்கொள்ளாது. தேங்காய்ப் பொச்சுமட்டைத் துண்டொன்றைத் தண்ணீரில் எறிந்து, அது இருபது மீற்றர் போக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று போனில் பார்ப்பாள். அந்த வேகத்தை அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால், நொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறதென்று ஏறக்குறையத் தெரியும். அந்தக் கணக்கை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கணக்கை நம்பி, ஆற்றின் முடிவில் ஒரு குறுகிய ஒழுங்கையில் குடியிருக்கும் சனத்தை, வெள்ளம் வரும் என்று பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னாள். இரண்டு நாள் அவர்கள் அங்கே கிடந்தார்கள். வெள்ளம் வரவில்லை. வழியில் வெறுமையாகக் கிடந்த குளங்கள் அதைக் குடித்துவிட்டிருந்தன. அவற்றை அவள் போய்ப் பார்த்திருக்கவில்லை. அந்த இரண்டு நாளில் தயாளினி என்ற பெண்ணின் இரண்டு ஆடுகளையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அதன் பிறகு கடையில் பாண் வாங்கப் போனாலும், "இண்டைக்கு வெள்ளம் வருமோ?" என்று யாராவது சிரிப்பார்கள்.

சென்ற கார்த்திகையில் புயல் ஒன்று இரண்டு நாள் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனது. மறுநாள் காலை வெயில் எறித்தது. காலை ஆறு மணிக்கு முதலாவது பாலத்தில் அளந்தாள். நொடிக்கு ஐந்து கன மீற்றர். பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. ஆற்றோடு கீழே போனாள். நடுப்பாலத்தில் பத்து. பிழை விட்டுவிட்டேனோ என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இன்னொருமுறை அளந்தாள். பத்துத்தான். மூன்றாவது பாலத்துக்குப் போகும் வழியெங்கும் குளங்கள் நிரம்பி வழிந்து வான் பாய்ந்துகொண்டிருந்தன. றோட்டைக் கடந்து, வேலிகளைச் சாய்த்துக்கொண்டு எல்லாம் ஆற்றுக்குள்ளேயே விழுந்தன. மூன்றாவது பாலத்தில் இருபது.

கந்தோரின் பொறியியலாளர் கேதீஸ்வரனுக்குப் போன் எடுத்தாள்.

"மழை விட்டிட்டுதே, றஜனி."

"மழை விட்டிட்டுது, சேர். தண்ணி இப்பதான் வருது. பாலத்துக்குப் பாலம் இரட்டிக்குது. பின்னேரம் நாலு மணிக்குள்ளை அராலிக்கு வந்திடும்."

"கதவடியிலை நிண்டு எனக்குச் சொல்லுங்கோ."

வழுக்கியாறு கடலேரியில் விழும் இடத்தில், உப்புநீரைத் தடுக்க ஆறு கதவுகள் உண்டு. கையால் சுற்றித்தான் உயர்த்தவேண்டும். ஒன்றுக்கு இருபது நிமிடம் பிடிக்கும். காவலாளி சிமியோன் வெளிப்பக்கத்தைக் காட்டினார்.

"கடல் உள்தண்ணியை விட நாலு விரக்கடை ஏறி நிக்குது, தங்கச்சி. இப்ப திறந்தால் உப்புத்தண்ணி வயலுக்கை போகும்."

அவர் சொன்னது சரி. காத்திருக்கத்தான் வேண்டும். அவளால் நிற்க முடியவில்லை. ஒழுங்கைக்கு ஓடினாள்.

தயாளினி நனைந்த மெத்தையை வேலியில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போன முறையும் நீங்கள்தான் வந்தனீங்கள்."

"ஓம், நான்தான்."

"என்ரை ஆடு ரெண்டும் போச்சுது."

"தெரியும். அண்டைக்கு நான் குளங்களைப் பார்க்காமல் சொன்னனான். இண்டைக்குப் பார்த்திட்டு வாறன். எல்லாம் வான் பாயுது."

தயாளினி வானத்தைப் பார்த்தாள். ஒரு முகில் இல்லை. பிறகு றஜனியின் இடுப்புவரை நனைந்த உடுப்பைப் பார்த்தாள்.

"உது எவடத்துத் தண்ணி?"

"நடுப்பாலத்தடியிலை. நேற்று அதிலை முழங்காலளவுதான்."

தயாளினி மெத்தையை உருட்டி வீட்டுக்குள் எறிந்துவிட்டு, அடுத்த வீட்டுப் படலையைத் தட்டப் போனாள். அவள் கிளம்பியதைக் கண்டுதான் மற்றவர்களும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். இருபத்துமூன்று குடும்பம். இரண்டு வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்கள்.

பகல் ஒரு மணிக்குச் சற்று முன் றஜனி கதவடிக்குத் திரும்பியபோது, உள்தண்ணீர் கடலைவிட இன்னும் இரண்டு விரக்கடை குறைவு. சிமியோன் பொறுக்கச் சொன்னார். ஆறு கதவுக்கும் இரண்டு மணித்தியாலம் வேண்டும். அவள் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"திறவுங்கோ," என்றார் கேதீஸ்வரன். "நான் சொன்னதெண்டு எழுதுங்கோ."

இருவரும் மாறி மாறிச் சுற்றினார்கள். முதல் கதவால் கடல் உள்ளே வந்தது. உப்புத்தண்ணீர் வயலை நோக்கிப் போவதை அவள் பார்த்துக்கொண்டே சுற்றினாள். இரண்டாவது கதவிலும் அப்படித்தான். மூன்றாவது பாதி உயர்ந்தபோது நீரோட்டம் தயங்கி நின்று, வெளிப்பக்கம் திரும்பியது. நாலாவதைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிட்டது. மணி இரண்டு பத்து. அவள் சொன்னதற்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் முந்தி. மண்ணிறத் தண்ணீரில் வாழைகளும் ஒரு படலையும் சுழன்று வந்தன. ஐந்தாவதையும் ஒருவாறு உயர்த்தினார்கள். ஆறாவது இறுகிவிட்டது.

ஒழுங்கைக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. மறுத்த இரண்டு வீட்டுக்காரரையும் வள்ளத்தில் ஏற்றினார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனால் முப்பது பரப்பு வயலின் நெல் உப்பில் கருகியது. அந்த வயல்காரர் இன்றும் றஜனியோடு கதைப்பதில்லை. பத்து நிமிடம் பிந்தித் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது.

இரண்டாம் நாள் வெள்ளம் வடிந்தது. சனம் சேறு வழித்துக்கொண்டிருக்க, அவள் அளவுநாடாவோடு வீடு வீடாகப் போய், சுவரில் சேறு விட்ட கோட்டின் உயரத்தை எழுதினாள். தயாளினி விளக்குமாற்றோடு வெளியே வந்தாள்.

"இனி வருமோ, அக்கா?"

"வியாழக்கிழமை மழை எண்டு சொல்லுறாங்கள். குளமெல்லாம் நிரம்பித்தான் கிடக்கு. ஏத்தி வைச்ச சாமானை இப்போதைக்கு இறக்காதேங்கோ."

நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.