புகையை எரித்த அடுப்பு

காஸ் சிலிண்டர் கடைகளில் இல்லாமல் போன பிறகு, எங்கள் ஊரான துணுக்காயில் பல வீடுகளைப் போல நாங்களும் விறகுக்குத் திரும்பினோம். காஸ் மறுபடி வந்தும் அதன் விலை எங்களை விறகோடேயே நிறுத்திவிட்டது. என் மனைவிக்கு முட்டு வருத்தம், மூச்சுத் திணறும். குசினியில் அடுப்புக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றாலே நெஞ்சு இழுக்கும். வவுனியாவிலிருந்து வந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் புகை நிக்காட்டி, வாற மாதம் அம்மாவை என்னோடை கூட்டிக்கொண்டு போயிடுவன்" என்றாள். என்னைக் கேட்கவில்லை. நியாயம் அவள் பக்கம் இருந்தது.

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். புகை என்பது எரியாமல் தப்பிப்போகும் விறகுதான் என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் சொன்னவன். தகனம் பற்றிய கேள்வியில் என் மாணவர்கள் புள்ளி தவறவிட்டதில்லை. வீட்டில் புகை எழும்போது மட்டும், "உமக்கு நெருப்பு மூட்டத் தெரியாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பேப்பரோடு முற்றத்துக்குப் போய்விடுவேன். ஆயுள் முழுவதும் அப்படித்தான் செய்தேன்.

மகள் போன மறுநாள் புற்றுமண் வெட்டிக் குழைத்தேன். அடுப்புக்கு இரண்டு சுவர்கள். நடுவில் விரலகல இடைவெளி. வெளிச்சுவரின் அடியில் காற்றுக்கு ஒரு வாசல். இடைவெளியின் மேல்வாயை மூடிவிட்டு, உள்சுவரின் மேற்பகுதியைச் சுற்றிச் சிறு துளைகள் இட்டேன். அடியில் நுழையும் காற்று சுவர்களுக்கிடையே சூடாகி ஏறி, துளைகளால் வந்து, தப்பப்பார்க்கும் புகையைச் சட்டிக்குக் கீழேயே எரிக்க வேண்டும். மண் காய்ந்ததும் பாலை விறகு வைத்து மூட்டினேன். முதலில் புகைந்தது. அடுப்புச் சூடேறியதும் துளைக்கொரு சுடர் நின்றது. புகையைக் காணோம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "காஸ் அடுப்பு மாதிரியெல்லோ எரியுது."

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளியில் அடுப்பு மெழுகாமல் எங்கள் குசினியில் உலை ஏறாது. குனிந்தால் அவளுக்கு மூச்சு முட்டும் என்பதால் நானே மெழுகினேன். சாணியும் மண்ணும் கரைத்து, உள்ளும் புறமும் வழவழவென்று தடவி, முகப்பில் திருநீறும் பூசினேன்.

அவள் உலை வைத்ததும் குசினி முழுக்கப் புகை. இருமத் தொடங்கினாள். ஈர விறகை வைத்துவிட்டாள் என்று நான் பழைய பழக்கத்தில் ஏசினேன். அவள் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஈரம்தான் என்று உறுதிப்படுத்த ஒரு விறகை எடுத்து முறித்தேன். படீரென்று முறிந்தது, நன்றாகக் காய்ந்திருந்தது. அப்போதுதான் உலையை இறக்கி, விறகை வெளியே இழுத்துவிட்டு, டோர்ச் அடித்து அடுப்புக்குள் பார்த்தேன். ஒரு துளைகூட இல்லை. துளை இருந்த இடமெல்லாம் என் விரல் தடம்.

முற்றத்துக்குப் போய் அவளிடம் சொன்னேன். "நான்தான் ஓட்டையளை மெழுகி அடைச்சுப்போட்டன். விறகிலை பிழையில்லை. முந்தியும் உம்மிலை பிழையில்லை. பழைய அடுப்பு பிழை. நான் ஒருநாளும் குனிஞ்சு பாக்கேல்லை."

மூச்சு ஆறியதும் அவள் இன்ஹேலரை மூடினாள். "உதைச் சொல்ல வாத்தியாருக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கு. போய் ஓட்டையைத் திறவுங்கோ. சோறு வேகவேணும்."

ஆணியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தேன். சுடர்கள் திரும்பி வந்தன. இப்போது வெளிச்சுவரை மட்டும்தான் மெழுகுகிறோம்.

சொன்னபடி மகள் அடுத்த மாதம் வந்தாள். மனைவி அவளை எதையும் தொடவிடவில்லை. சோறு, மரவள்ளிக் கறி, றால் சொதி எல்லாவற்றையும் அந்த அடுப்பிலேயே தானே சமைத்தாள். மகள் வாசலில் நின்று இருமலை எதிர்பார்த்தாள். சொதி இறக்கும்வரை இருமல் வரவில்லை. சட்டியின் அடியை விரலால் தடவிப் பார்த்தாள், கரியும் குறைவு.

"அம்மா, நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகவெண்டு வந்தனான்."

"சாப்பிட்டிட்டுப் போ பிள்ளை. ஆறப்போகுது."

தாயின் சேலைகளை அடுக்கவென்று கொண்டுவந்த பையில் முருங்கைக்காயை நிரப்பிக்கொண்டு, மகள் பின்னேர பஸ்ஸில் தனியாகப் போனாள். வாசல் படலையில் நின்று கைகாட்டும்போது சிரிப்பை அடக்கப் பார்த்தேன். முடியவில்லை.