எதிர்த்தெருக்காரரின் அச்சகத்தில் மூன்று வாரம்

"அப்பா லாட்ஜுக்குப் போயிருக்கார்" என்று பள்ளிக்கூட நாளில் மகள் யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். அது ரூம் எடுத்துத் தங்கும் லாட்ஜ் இல்லை, ஃப்ரீமேசன் சங்கத்துக் கூடம் என்று விளக்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அப்பா அங்கே தலைமை நாற்காலி வரைக்கும் போனவர். அடுப்படியை எட்டிப் பார்க்காத மனுஷர் அங்கே போய்ச் சங்கத்துச் சடங்குக்கென்று ஏப்ரன் கட்டிக்கொள்கிறாரே என்று அம்மாவுக்குத் தீராத ஆற்றாமை.

மற்ற நாளெல்லாம் அவர் மாலைப் பத்திரிகைக்காரர். படிப்பு முடித்ததும் மகளும் அங்கேயே பிழை திருத்த உட்கார்ந்தாள். காலைப் பத்திரிகை நடத்தியவரும் அதே சங்கத்து ஆள்தான். 'எதிர்த்தெருக்காரன்' என்பது அப்பா வைத்த பெயர். தலையங்கத்தில் இருவரும் ஒருவரையொருவர் கிழி கிழியென்று கிழிப்பார்கள். சங்கத்திலோ பக்கத்துப் பக்கத்து நாற்காலி. 'சகோதரரே' என்றுதான் பேச வேண்டும்.

ஒரு நாள் நண்பகலில், பக்கங்கள் கோத்து முடித்த நேரத்தில், அச்சு இயந்திரத்தின் உருளை விரிசல் விட்டது. புதுசு வர மூன்று வாரமாகும் என்றார் மெக்கானிக். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எதிர்த்தெருல கேட்டா என்னப்பா?"

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எப்படியோ காதில் விழுந்து, எதிர்த்தெருக்காரரே தள்ளுவண்டியோடு வந்து நின்றார்.

"என் மிஷின் மத்தியானத்துல சும்மாதானே கிடக்கு. பக்கத்தையெல்லாம் ஏத்துய்யா."

அப்பா நெளிந்தார். அன்றைய தலையங்கமே வந்து நின்றவரைப் பற்றித்தான். "ஒரு பத்து நிமிஷம் இரு. ஒரு பக்கத்த மாத்தணும்."

எதிர்த்தெருக்காரர் அதற்குள் குனிந்து, தலைகீழாக நின்ற ஈய எழுத்துகளைச் சரளமாகப் படித்துவிட்டார். நகராட்சித் தலைவருக்குக் குடை பிடித்தே பிழைப்பு நடத்துகிறார் என்று எழுதியிருந்தது.

"'பிழைப்பு'க்கு 'ளை' போட்டிருக்கே. திட்டறதத் தப்பில்லாம திட்டுங்கப்பா."

அது மகள் கோட்டைவிட்ட பிழை. அவளுக்குக் காது மடல் சிவந்தது. எழுத்தை மாற்றினார்கள்; தலையங்கத்தை மாற்றவில்லை. மூன்று வாரம், ஒரு நாள் தவறாமல், பத்திரிகை அங்கேதான் அச்சானது. அப்பாவும் ஒரு வரிகூடக் குறைக்கவில்லை. இயந்திரம் சரியான அன்று நன்றி சொல்லப் போனவரை, "போய் வேலையப் பாருய்யா" என்று அவர் விரட்டிவிட்டார்.

எதிர்த்தெருக்காரர் இறந்த பிறகு அப்பாவின் தலையங்கத்தில் காரம் இறங்கிவிட்டது. கடைசி வருஷங்களில் சங்கத்துக்கு அவரை மகள்தான் காரில் அழைத்துப் போனாள். ஒரு சாயங்காலம் வாசலில் கேட்டாள்:

"உள்ள அப்படி என்னப்பா ரகசியம்?"

"சொல்லக் கூடாதும்மா." படியில் நின்று மூச்சு வாங்கினார். "அவன் இருந்தப்ப காதுக்குள்ள ஏதாச்சும் சொல்லிச் சிரிக்க வெச்சிருவான். இப்ப நேரமே போக மாட்டேங்குது."

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மீதிப் படிகளை ஒவ்வொன்றாக ஏறினார்.